உலைக்களமும் உதிரிப்பாகமும்: மட்டக்களப்பு வாவிக் கரையிற் பழுதுபார்க்குங் கலை

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் ஆலயத்தையும் முதற்கண் நோக்குவர். அடுத்து நிலவுரிமையையும் வணிகத்தையும் ஆராய்வர். உடைந்ததைச் செப்பனிட்டோரின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. மட்டக்களப்பின் பழமையை அறிய விரும்புவோர்க்கு 1962-இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’மும், 1964-இல் வெளிவந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழக’மும் பெருந்துணை புரிவன. குடிகளின் வரன்முறை, கோயில் வழக்காறு, கவிவளம் என்பனவே அவற்றின் பொருளெல்லை. பொறிகள் இப்பகுதிக்கு வந்த பின்னர் அவற்றைப் பேணிக் காத்தோர் அவ்வெல்லைக்குப் புறத்தே நிற்பவர்.

ஆயினும், அவர்தம் தொழில் சிறியதன்று. மாரிப் போகத்து விதைப்பிற்கு முன்று நாள் இருக்கையில் உழவு இயந்திரத்தின் பற்சில்லு ஒன்று முறிந்துவிடுகின்றது. கடைகளில் அதற்கு மாற்றில்லை, கொழும்பிலுமில்லை, கப்பலில் வரவேண்டுமெனின் விதைப்புக் காலம் கடந்துவிடும். அந்நிலையில் ஓர் உழவன் குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான உணவு, பட்டறையில் உள்ள ஒருவனின் கண்ணையும் கையையுமே சார்ந்து நிற்கின்றது. மாற்றுப் பாகம் கிடைத்தற்கரிய காலங்கள் இவ்வாவிக் கரைக்கு ஒருமுறையன்று, பன்முறை வந்துற்றன. உலகப் போர், இறக்குமதிக் கட்டுப்பாடு, உள்நாட்டுப் போர், 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி என்பன அவற்றுள் முதன்மையானவை. அக்காலங்களில் எவ்வாறு பொறிகள் ஓடின, அவற்றை ஓட்டிய அறிவு யாண்டிருந்து வந்தது, அவ்வறிவு இனியும் நிலைக்குமா என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

இரு கரையும் கொல்லன் உலையும்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை எல்லை நோக்கி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை எனப்பட்டது. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலம் ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை எனப்பட்டது. பட்டினமும் அங்காடியும் பாடசாலையும் நெசவுத் தறிகளும் பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. நெல்லும் மாடும் படுவான்கரையின் செல்வம். ஆகவே, படுவான்கரையில் ஒரு கருவி முறியின், அதனைச் செப்பனிடத் தோணியேறியோ பாலங் கடந்தோ வரவேண்டியிருந்தது. இவ்விட வேறுபாடு பிற்காலத்தில் எத்துணைப் பெரிய பொருளுடையதாயிற்று என்பது பின்னர்ப் புலனாகும்.

இந்நிலத்தில் இரும்புக்கு இயற்கைப் பகை ஒன்றுண்டு. ஒரு புறம் கடல், மறு புறம் உவர்நீர் வாவி. இரண்டினின்றும் எழும் உப்புக்காற்று இரும்பை விரைந்து துருப்பிடிக்கச் செய்கின்றது. உள்நாட்டில் பல்லாண்டு நிலைக்கும் ஆணியும் தகடும் இங்கே அத்துணைக் காலம் நில்லா. பழுதுபார்த்தல் என்பது இப்பகுதியில் எப்பொழுதேனும் நேரும் இடர் அன்று. அன்றாட வாழ்வின் ஒரு கூறேயாம்.

பொறிகள் வருவதற்கு முன்னர் இத்தொழில் கொல்லர்க்குரியதாயிருந்தது. கொல்லன் உலையும் துருத்தியும் சங்கச் செய்யுட்களில் உவமைகளாக வருமளவிற்குத் தமிழர் வாழ்வோடு ஒன்றியவை. கலப்பைக்குக் கொழு, வயலுக்கு மண்வெட்டி, அரிவு வெட்டுக்குத் தாக்கத்தி, காட்டுக்குக் கோடரி, வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் ஆகியவற்றை அவன் செய்தான்; தேய்ந்தவிடத்துத் தானே தோய்த்துக் கூர்செய்தும் கொடுத்தான்.

இவற்றுள் வண்டிச் சில்லுக்குப் பட்டம் இடும் முறை கருதத்தக்கது. சில்லின் சுற்றளவினும் சற்றே குறைந்த அளவில் இரும்பு வளையம் செய்வர். அதனை நெருப்பிலிட, வெப்பத்தால் விரிந்து சில்லின்மேல் ஏறும். உடனே நீரூற்றக் குளிர்ந்து சுருங்கிச் சில்லின் மரத்துண்டுகளை இறுகப் பற்றிக் கொள்ளும். பிற்காலத்தில் மோட்டார் எஞ்சினின் பறவைச் சில்லுக்குப் பல்வளையம் ஏற்றவேண்டி வந்தபொழுது பட்டறையில் கையாளப்பட்ட முறையும் இதுவே. வளையத்தைச் சூடேற்றுக, விரிந்ததும் பொருத்துக, குளிரவிடுக; ஆணியுமின்றி ஒட்டுமின்றி அது நிற்கும். பொறியியல் நூல் இதனைச் சுருக்கப் பொருத்தென்று கூறும். கொல்லன் அந்நூலைப் படித்தவனல்லன். ஆனால் அந்நூல் கூறும் உண்மை அவன் தந்தையின் கையிலேயே இருந்தது. புதிய பொறி வந்தபொழுது பழைய அறிவு வெறுங்கையோடு அதனை எதிர்கொள்ளவில்லை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாம்.

பொறிகளின் வருகை

மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை 1928-இல் வந்தது. அதன்பின் பாரமான பொறிகளைக் கொண்டுவருதல் எளிதாயிற்று. நெல்லைக் குற்றி அரிசியாக்கும் ஆலைகளே சிற்றூர் மக்கள் அண்மையிற் கண்ட முதற் பொறிகள் எனலாம். மண்ணெண்ணெயாலோ டீசலாலோ ஓடும் ஒற்றை உருளை எஞ்சின், அதன் பெருஞ்சில்லிலிருந்து தோற்பட்டி, அப்பட்டி சுழற்றும் உமி நீக்கும் பொறி ஆகியவையே ஆலையின் முழு அமைப்பும். இவ்வெஞ்சின்கள் பாரமானவை, மெதுவாய்ச் சுழல்பவை, மூடிமறைப்பின்றி உறுப்புக்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படுமாறு அமைந்தவை. எவ்வுறுப்பு எதனை இயக்குகின்றது என்பதைப் பார்த்தே அறியலாம். இவ்வெளிப்படைத் தன்மையே பின்னர்ப் பலருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இரண்டாம் உலகப் போர் இறக்குமதிப் பண்டங்களை நம்பியிருத்தலின் இடரை முதன்முதலாக உணர்த்திற்று. 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேமிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. போர்க்கப்பலே தப்பாத கடலில் வணிகக் கப்பல் எங்ஙனம் பொறிப் பாகங்களைத் தவறாது கொண்டுவரும்? எரிபொருள் பங்கீட்டுக்குள்ளாயிற்று, பிரித்தானியத் தொழிற்சாலைகள் போர்த் தளவாடம் செய்வதில் ஈடுபட்டன, புதிய பாகங்கள் அரியவாயின. கழிக்கப்பட்ட பொறியினின்று உறுப்பெடுத்து ஓடும் பொறிக்கு இடும் வழக்கம் போர்க்காலத்தில் உலகெங்கும் வேரூன்றியது.

விடுதலையின் பின்னர் நிகழ்ந்த பெருமாற்றம் கல்லோயாத் திட்டமாகும். 1949-இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையை மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் கட்டிற்று. மண்வாரிகள், நிலஞ்சமன் செய்யும் பொறிகள், பாரவண்டிகள் எனப் பெரும் பொறிக் கூட்டம் காட்டினுள் புகுந்தது. அக்காலத்தில் அப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததே. அம்பாறை 1961-இலேயே தனி மாவட்டமாயிற்று. 1950-களில் அம்பாறையில் ஹாடி தொழில்நுட்ப நிலையம் தோன்றியது. அதே பத்தாண்டில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதற்குரிய மூலப்பொருள்களாயின. பட்டினத்தில் யேசு சபைத் துறவிகள் நடத்திய தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இளைஞர்க்குப் பொருத்துவேலையும் ஒட்டுவேலையும் கற்பித்தது. இவ்வாறு, முறையாகக் கற்றோரும் பார்த்துப் பழகியோரும் ஒரே பட்டறையில் தோளோடு தோள் நின்று உழைக்கும் நிலை உருவாயிற்று.

புரிகளின் பகை

இங்ஙனம் பல நாட்டுப் பொறிகள் ஓரிடத்திற் கூடியதனால் எழுந்த இடர் ஒன்று விரிவாக நோக்கத்தக்கது. அது திருகாணியின் புரி பற்றியது.

பிரித்தானியப் பொறிகளின் ஆணிகள் யோசேப்பு விற்வேத்து என்பார் 1841-இல் வகுத்த அளவின்படி அமைந்தவை. அவற்றின் புரிக்கோணம் 55 பாகை. அமெரிக்கப் பொறிகளின் ஆணிகளோ 60 பாகைக் கோணமுடையன. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 1948-இலேயே 60 பாகைக் கோணமுடைய ஒரு பொதுப்புரியை ஏற்க உடன்பட்டன. உலகப் போரில் நேசநாடுகளின் பொறிகள் ஒன்றற்கொன்று உதவாமற்போன துன்பமே அவ்வுடன்பாட்டிற்குத் தூண்டுதல். 1960-களில் லான்ட்மாஸ்டர் என்னும் பிரித்தானிய இருசில்லு உழவு இயந்திரம் இலங்கை வயல்களில் இறங்கிற்று. அதன் பெயர் அவ்வினப் பொறிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகும் அளவிற்குப் பரவியது. அதனைத் தொடர்ந்து குபோட்டா முதலிய யப்பானியப் பொறிகள் வந்தன. அவற்றின் அளவுகள் மில்லிமீற்றரில் அமைந்தவை. ஆகவே, ஒரே பட்டறையின் தகரப் பெட்டியில் அங்குல ஆணியும் மில்லிமீற்றர் ஆணியும், 55 பாகையும் 60 பாகையும் கலந்து கிடந்தன. கண்ணுக்கு அவை ஒன்றேபோல் தோன்றும். இரு புரி ஏறியதும் இறுகி நிற்கும். வலிந்து முறுக்கின் இரண்டுங் கெடும்.

புதிய ஆணி கிடையாதவிடத்து அதனைக் கடைசற்பொறியில் வெட்டியே ஆகவேண்டும். கடைசற்பொறியின் வழிதிருகு பெரும்பாலும் அங்குல அளவிற்கு உரியது. ஓர் அங்குலத்திற்கு நான்கு புரி கொண்டதென வைத்துக்கொள்க. அதனைக்கொண்டு இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள புரி வெட்டவேண்டுமெனின், 40 பல்லுள்ள சில்லும் 127 பல்லுள்ள சில்லும் இணைதல் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதன் ஐந்து மடங்கு 127, அதனாலேயே அவ்வெண் தேவையாகின்றது. அத்துணைப் பெரிய சில்லு எல்லாப் பட்டறையிலும் இராது. அந்நிலையிற் கடைசற்காரர் கைக்கொள்ளும் மாற்று 63 பல்லுள்ள சில்லு. அதனைப் பிற சில்லுகளோடு தக்கவாறு இணைப்பின், இரண்டு மில்லிமீற்றருக்குப் பதிலாக 2.00025 மில்லிமீற்றர் கிடைக்கும். பிழை எண்ணாயிரத்தில் ஒரு பங்கே. சிறிய ஆணியொன்றில் இப்பிழை கைக்கும் புலப்படாது, சுரைக்கும் புலப்படாது.

இது சிறிய கணக்கெனத் தோன்றலாம். ஆனால், எப்பிழையைப் பொறுக்கலாம், எப்பிழையைப் பொறுத்தலாகாது என்னும் தெளிவே பழுதுபார்க்குங் கலையின் உயிராகும். புதிதாய்ச் செய்பவன் வரைபடத்தை நோக்குகின்றான். பழுதுபார்ப்பவனோ தேவையை நோக்குகின்றான்.

கட்டுப்பாட்டுக் காலம்

1950-களின் இறுதியில் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்புக் குன்றத் தொடங்கிற்று. தேயிலை, இறப்பர், தேங்காய் ஆகியவற்றின் ஏற்றுமதி வருவாய் இறக்குமதிச் செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1960-ஆம் ஆண்டினை அடுத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1968-இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை புகுத்தப்பட்டது. அத்தியாவசியமெனக் கருதப்படாத பண்டங்களை இறக்குவோர் செலாவணிக்கு மேலதிக விலை கொடுக்க வேண்டியதாயிற்று. 1969-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமப் பத்திர முறைக்கு உறுதியான அடிப்படை தந்தது. 1970 முதல் 1977 வரை இக்கட்டுப்பாடு உச்சநிலையில் இருந்தது.

இக்காலம் பற்றி இருவேறு கருத்துக்கள் உண்டு. உள்நாட்டு உற்பத்தி தழைத்தது என்பார் ஒரு சாரார். மக்கள் வரிசையில் நின்று வாடினர் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையே. வாவிக் கரையில் மருதமுனை, காத்தான்குடி முதலிய ஊர்களின் கைத்தறிகளுக்கு வெளிநாட்டுத் துணியின் போட்டி குறைந்தது. அதே வேளையில் தறிக்குரிய நூலும் சாயமும் உருக்கு அச்சும் அரியவாயின. நெல்லுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் வயலை உழும் இயந்திரத்திற்குப் பாகமில்லை. உற்பத்தியைப் பெருக்குமாறு தூண்டிய அக்கொள்கையே உற்பத்திக் கருவியைப் பேணும் வழியை அடைத்தது. அவ்விரண்டுக்கும் இடையில் விழுந்த வெளியைப் பட்டறைகளே நிரப்பின.

மூவகைச் செப்பம்

பாகமின்றிப் பழுதுபார்க்கும் முறைகளை மூன்றாக வகுக்கலாம்: பிறிதொன்றினின்று எடுத்தல், தேய்ந்ததை நிரப்பல், புதிதாய் ஆக்கல்.

பிறிதொன்றினின்று எடுத்தல் எளிய முறையெனக் கருதப்படும். கழிந்த லொறியின் வில்தகடு கத்தியாகவும் உளியாகவும் மாறுகின்றது. தேய்ந்த அரம் சுரண்டும் கருவியாகின்றது. ஆயின், எவ்விரும்பு எதற்குதவும் என்பதை அறிதலே அரிது. சாணைக்கல்லில் பிடித்து எழும் பொறியின் நிறத்தையும் கிளையையும் கண்டு இரும்பின் இனத்தை அறிவர். உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகி எளிதில் முறியும். பின்னர் அதனை மெல்லச் சூடேற்ற, மேற்பரப்பில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும். வைக்கோல் மஞ்சள் தோன்றுங்கால் நிறுத்தின் அது வெட்டுங்கருவிக்கு ஏற்றது. அவ்வெப்பம் ஏறத்தாழ 230 பாகை. நீலம் தோன்றுமளவும் விடின், ஏறத்தாழ 300 பாகையில், அது வில்லுக்கு ஏற்றது. வெப்பமானியில்லாத உலைக்களத்தில் நிறமே வெப்பமானி.

தேய்ந்ததை நிரப்பலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வெள்ளுலோகப் போதிகை. பழைய எஞ்சின்களில் சுழலும் தண்டினைத் தாங்கும் போதிகையின் உட்புறம், பத்தில் ஒன்பது பங்களவு வெள்ளீயமும் எஞ்சியது அந்திமனியும் செம்புமாகிய ஒரு கலவையால் ஆனது. ஐசாக்கு பாபிற்று என்னும் அமெரிக்கர் 1839-இல் இதனைக் கண்டார். எண்ணெய் வற்றிய வேளையில் தண்டு கெடாமல் இக்கலவையே தேய்ந்து தன்னை இழக்கின்றது. இதுவே அதன் சிறப்பு. தேய்ந்த கலவையை உருக்கி வெளியேற்றி, தண்டின் அளவுள்ள ஓர் உருளையிற் புகைக்கரி பூசி நடுவில் நிறுத்தி, விளிம்புகளைக் களிமண்ணால் அடைத்து, புதிய கலவையை இடைவிடாது ஒரே முறையில் வார்ப்பர். இடையில் நிறுத்தின் பிளவு விழும். உருகிய கலவையில் மரக்குச்சியைத் தோய்த்து, அது கருகும் வகையைக் கொண்டு வார்க்கும் பதத்தை அறிவர். ஆறிய பின்னர், தண்டிலே ஈயச் செந்தூரத்தை எண்ணெயிற் குழைத்து மெல்லெனப் பூசி, போதிகையில் வைத்துச் சுழற்றுவர். செந்நிறம் பட்ட இடமெல்லாம் மேடு, அதனைச் சுரண்டுவர். மீண்டும் பூசிச் சுழற்றிச் சுரண்டுவர். புள்ளி புள்ளியாய்ச் செந்நிறம் எங்கும் பரந்து தோன்றும்வரை அவ்வேலை தொடரும். ஒரு நாள் முழுதும் இதற்குச் செல்லலாம். அவசரப்படுபவன் வேலை அறுவடைக்கு முன்னரே திரும்பி வந்துவிடும்.

வார்ப்பிரும்பின் வெடிப்பைச் சேர்த்தலும் இவ்வகையினதே. வார்ப்பிரும்பைக் குளிர்நிலையில் ஒட்டினால், ஒட்டின் அருகே வேறொரு வெடிப்புத் தோன்றும். ஓரிடம் விரிய மற்றோரிடம் விரியாமையே அதற்குக் காரணம். எனவே, அதனைக் கரி நெருப்பில் முழுவதும் சூடேற்றி, பித்தளைக் கம்பியால் ஒட்டி, சாம்பலிற் புதைத்து ஒரு நாள் மெல்ல ஆறவிடுவர். முறிந்த பல்லிருந்த இடத்திற் சிறு துளைகள் இட்டுத் திருகாணிகளை வரிசையாய் நட்டு, அவற்றின்மேல் உலோகம் நிரப்பி, அரத்தால் அராவிப் பல்லுருவாக்குதலும் உண்டு.

மூன்றாவதாகிய புதிதாய் ஆக்கலே திறனின் உச்சம். பற்சில்லு முற்றும் சிதைந்து ஒரு துண்டே எஞ்சினும் அதன் முழுவுருவையும் கணிக்கலாம். பல்லின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி, வெளிவிட்டத்தால் வகுத்தால் அங்குல முறையின் அளவெண் வரும். முப்பது பல்லும் நான்கு அங்குல விட்டமுமெனின் 32-ஐ 4-ஆல் வகுக்க 8 வரும். அது பிரித்தானிய அல்லது அமெரிக்கச் சில்லு. முப்பது பல்லும் 96 மில்லிமீற்றர் விட்டமுமெனின் 96-ஐ 32-ஆல் வகுக்க 3 வரும். அது யப்பானியச் சில்லு. முழுவெண் எவ்வழி வருகின்றதோ அவ்வழியே பொறியின் பிறந்த நாடு தெரியவருகின்றது. துண்டினின்று முழுமையை அறியும் இவ்வழி, கல்வெட்டுச் சிதைவினின்று வாசகத்தை மீட்கும் அறிஞர் வழியின் வேறன்று.

இம்மூன்றினுக்கும் மேலாகக் கடைசற்பொறிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிற பொறிகளின் பாகங்களை ஆக்கும் அப்பொறி தன் பாகத்தையும் தானே ஆக்கவல்லது. பழுதான தாடையைத் தன்மீதே பொருத்திச் சாணையிட்டுச் சமன்செய்யலாம். அடுத்துத் தேயவிருக்கும் ஆணியை இன்றே வெட்டி வைக்கலாம். ஒரு பட்டறையில் எது கெட்டாலும் தாங்கலாம். கடைசற்பொறி கெடின் எல்லாம் கெடும். பட்டறையாளர் பிற பொறிகளுக்குமுன் அதற்கு எண்ணெயிடுதல் வெறும் வழக்கமன்று.

போர்க்காலம்

1977-இல் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. பாகங்கள் கடைகளில் நிரம்பின. கைத்தறிகள் பல ஓய்ந்தன. பட்டறைகளின் தேவை குறையுமெனப் பலர் எண்ணினர். மறு ஆண்டே, 1978 நவம்பர் 23-இல், பெருஞ்சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கிற்று. கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புக்கள் வீழ்ந்தன, தோணிகள் சிதைந்தன. நீரில் ஊறிய பொறிகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஓட்டும் வேலை பட்டறைகளைச் சூழ்ந்தது.

அதனினும் பெரிய சூறாவளி போர் வடிவில் வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வடபகுதிக்குப் பல பொருள்களைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலினாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதும், சைக்கிள் டைனமோவினால் வானொலி பேசியதும், போத்தலுக்குள் சிறு திரி விளக்காயதும் பலரும் அறிந்தவை. கிழக்கிலும் அதற்கொத்த நிலை உண்டாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் அரசின் ஆட்சியிலும் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியிலும் இருந்தன. வவுணதீவு முதலிய இடங்களிற் சோதனைச் சாவடிகள் எழுந்தன. எரிபொருள், மின்கலம், உரம், சீமெந்து முதலியன தடையின்றிக் கடக்கவியலாதவாயின. முன்பு தோணியேறிப் பட்டறைக்கு வந்த பாகம், இப்பொழுது அது யாது, எதற்கு, யாருக்கு என்னும் வினாக்களைக் கடந்தே வரவேண்டியதாயிற்று. இரும்புக் குழாயும் மின்கம்பியும் கையில் வைத்திருப்பவனை ஐயத்திற்குரியவனாக்கின. தொழிற்கருவியே குற்றச்சான்றாகத் தோன்றக்கூடிய காலம் அது.

போர் பாகங்களை மட்டும் அரியனவாக்கவில்லை; கற்பிப்போரையும் கற்போரையும் பறித்தது. யேசு சபையின் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தை நடத்திவந்த அமெரிக்கத் துறவி யூஜின் ஹேபேட் அடிகளார், 1990 ஆகத்து 15-இல் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும் வழியிற் காணாமற்போனார். பின்னர் அவர் திரும்பவேயில்லை. 1948 முதல் இம்மண்ணில் வாழ்ந்து, இளைஞர்க்கு விளையாட்டும் தொழிலும் பயிற்றியவர் அவர். காணாமலாக்கப்பட்ட தமிழரும் முஸ்லிம்களும் எத்துணையோ பேர். அவர்களுள் கைத்தொழில் வல்லாரும் பலர். வல்லுநன் ஒருவன் மறையும்பொழுது அவன் கையறிவு எழுத்திலின்றி அவனோடே மறைகின்றது. உடைந்த சில்லுக்குத் துண்டேனும் எஞ்சும். இதற்கு அதுவும் எஞ்சுவதில்லை.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் போர்க்காலத்தில் நலிவுற்று நீண்டகாலம் உற்பத்தியின்றிக் கிடந்தது. 2002 பெப்புருவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தம் வழிகளைத் திறந்தது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கிப் படகையும் எஞ்சினையும் கவர்ந்தது. 2007-இல் கிழக்கிலும் 2009-இல் நாடு முழுவதும் போர் முடிவுற்றது.

வறுமை கற்பித்ததும் கற்பியாததும்

பாகமின்மை முடிந்துபோன கதையென எண்ணியிருந்த வேளையில், 2022 ஏப்பிரல் 12-இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கொடுக்க இயலாமையை அறிவித்தது. அதற்கு முன்னரே, 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025-இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. மண்ணெண்ணெயின்றி மீனவர் படகுகள் கரையேறிக் கிடந்தன. புதிய வாகனம் இல்லையெனின் பழையதைப் பேணுதலன்றி வேறு வழியில்லை. மறக்கப்பட்ட பட்டறைகளின் வாயிலில் மீண்டும் மக்கள் கூடினர்.

இவ்வரலாற்றைக் கண்டு, வறுமையே திறனை வளர்க்கும் எனச் சிலர் முடிவு கூறுவர். அம்முடிபு பொருந்தாது. கியூபா நாட்டில், 1960-ஆம் ஆண்டினை அடுத்து வந்த அமெரிக்கத் தடையின் பின்னரும் 1950-களின் கார்கள் பல்லாண்டு ஓடியமை உலகறிந்த செய்தி. அங்கும் இங்கும் மூன்று பொருள்கள் ஒருங்கிருந்தன: கழற்றிப் பார்த்து அறியக்கூடிய பொறி, அதன் பாகத்தை ஆக்கவல்ல கடைசற்பொறி, கற்றவனிடமிருந்து கற்பவனுக்குச் செல்லும் இடையறாத் தொடர்பு. இவற்றுள் ஒன்று குறையினும் வறுமை வறுமையாகவே நிற்கும். மேலும், அவ்வறுமைக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. காலந்தவறிய விதைப்பும், இடைவழியில் நின்ற நோயாளர் வண்டியும் எவர் புகழ்ச்சிக்கும் உரியவையல்ல. பட்டறையாளரின் திறனைப் போற்றுதல் வேறு. அத்திறனைத் தேவையாக்கிய துன்பத்தைப் போற்றுதல் வேறு.

இன்றோ முதலாவது பொருள் மாறிவருகின்றது. புதிய எஞ்சின்களை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இயக்குகின்றன. மூடி முத்திரையிட்ட பெட்டியை அரத்தால் அராவ இயலாது. மூன்றாவது பொருளும் தளர்கின்றது. கைத்திறன் வாய்ந்த இளைஞர் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்குள்ள பட்டறைகளில் பழுதுபார்ப்பதினும் மாற்றுவதே மலிவு. ஆதலின், முதியோர் கையிலுள்ள அறிவை எழுத்தில் அமைத்தல் காலத்தாற் செய்யவேண்டிய கடமையாகின்றது. எந்த ஊரில் எந்தப் பொறி எவ்வாறு செப்பனிடப்பட்டது, எக்கலவை எவ்வளவிற் கலக்கப்பட்டது, எக்கருவி எதனாற் செய்யப்பட்டது என்பவற்றை, ஏட்டுச்சுவடி தேடுவோர் காட்டும் அக்கறையோடு மாணவர் திரட்டுதல் வேண்டும்.

காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1916-இல் விஞ்ஞானத்தில் பட்டயம் பெற்றவர். 1947-இல் வெளிவந்த ‘யாழ் நூ’லிலே, வழக்கொழிந்துபோன யாழ்க் கருவியை இலக்கியச் சான்றும் கணிதமுங் கொண்டு அவர் மீட்டுருவாக்க முயன்றார். அக்கருவியை வாசித்தோரும் செய்தோரும் தம் முறையை எழுதிவைத்திருப்பின், ஒரு பேரறிஞர் பல்லாண்டு உழைத்துத் தேடவேண்டிய நிலை நேர்ந்திராது. வாவிக் கரையின் பட்டறைகளில் இன்றும் அறிந்தோர் சிலர் உளர். அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதுதல், மறைந்த பின் துண்டுகளிலிருந்து மீட்க முயல்வதினும் எளிது.